லெஃப்ட் ஹூக்ல வெயிட்டே ஏற மாட்டேங்குது, மணிக்கட்டு வேற வலிக்குது. என்ன தப்பு பண்றேன்?

வேலந்தாவளம்63
எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் வேலந்தாவளம் பக்கம், செக்போஸ்ட் தாண்டி கேரளாவுல, வீட்ல தமிழ்தான். வயசு 19, எடை 63 கிலோ, ஆர்த்தடாக்ஸ் (எடது காலு, எடது கை முன்னாடி வெச்சு நிக்கறது), பாக்ஸிங் ஆரம்பிச்சு ஒன்றரை வருசம் ஆச்சு. வாரத்துல மூணு நாள் பாலக்காடு போய் பழகறேன், மீதி நாள் தேங்கா களத்து ஷெட்ல அரிசிச் சாக்குல பழைய துணி அடைச்சு பேக்கா தொங்கவிட்டு நானா அடிச்சுக்கறேன். ஜாப் (முன்கை நேரடி) பரவால்ல, ரைட் கிராஸ் (பின்கை நேரடி) அடிச்சா பேக் மடங்குது. லெஃப்ட் ஹூக், அதான் எடது கைய மடக்கி பக்கவாட்டுல அடிக்கறது, அது மட்டும் வரவே மாட்டேங்குதுங்க, அடிச்சா கன்னத்துல அறையற மாதிரி சப்புன்னு சத்தம் வருது, பேக் சுத்துது, உள்ள இறங்கறதே இல்ல. போன வாரம் இன்னும் வேகமா அடிக்கலாம்னு போய் மணிக்கட்டு உள்பக்கமா மடங்கிருச்சு, பெருவிரல் பக்கம் இன்னும் வலி இருக்கு. கோச் மலையாளத்துல "கையல்லா மோனே, அரக்கெட்டு, அரக்கெட்டு"ன்னு சொல்றார். இடுப்பத் திருப்புன்னு அர்த்தம், அது புரியுது, திருப்பியும் பாக்கறேன், ஒண்ணும் நடக்கல. இருபது பேர் இருக்கற கிளாஸ்ல எனக்காக மட்டும் நின்னு சொல்லித்தர அவருக்கு நேரமில்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

களியக்காவிளை_பிசியோ
மக்கா, மொதல்ல கைய பாரு, ஹூக்க பொறவு பாக்கலாம். பெருவிரல நல்லா விரிச்சு மேல தூக்கு, மணிக்கட்டு பக்கத்துல ரெண்டு நரம்புக்கு நடுவுல ஒரு குழி விழும் பாத்தியா, அதுக்குள்ள மத்த கை விரல வச்சு அமுக்கு. சுருக்குன்னு வலிச்சுதுன்னா பேக்க தொடாத, எலும்பு டாக்டர்ட்ட போயி எக்ஸ்ரே எடு. அங்க ஸ்கேஃபாய்டுன்னு ஒரு எலும்பு கெடக்கு, அண்டிப்பருப்பு (முந்திரி) அளவுதான் இருக்கும், ரத்த ஓட்டம் கொறவான எலும்பு, விண்டு போனா லேசுல சேராது. மொத எக்ஸ்ரேல தெரியாமலும் போவும், அதனால வலி நிக்கலன்னா 10, 14 நாள் கழிச்சு திருப்பி எடுக்கச் சொல்லுவாவ. சுளுக்குன்னு நெனச்சு எண்ணெ போட்டு உருவிறாத, எங்க வீட்டுப் பையன் ஒருத்தன் அப்படி உருவி உருவி மூணு மாசம் கழிச்சுத்தான் டாக்டர்ட்ட போனான், இப்பவும் குடம் தூக்க கஷ்டப்படுதான்.

பொள்ளாச்சி_பழையகை
தம்பி, அவரு சொன்னத அப்படியே கேளு. கை சரியானதும் உன்னோட வீடியோ ஏதாச்சும் இருந்தா போடு, பழசா இருந்தாலும் பரவால்ல. ஜாப், கிராஸ், ஹூக், மூணும் சேத்து அடிச்சது வேணும், வெறும் ஹூக் மட்டும் வேண்டாம்.

வேலந்தாவளம்63
எக்ஸ்ரே எடுத்தாச்சுங்க. எலும்பு முறிவு இல்ல, சவ்வு பிடிப்புன்னு சொல்லி ரெண்டு வாரம் ரெஸ்ட்டு, வலி நிக்கலன்னா திரும்ப வரச்சொன்னாங்க. குழியில அமுக்குனா வலி இல்ல. போன மாசம் தங்கச்சி எடுத்த வீடியோ ஒண்ணு போட்டிருக்கேன் பாருங்ணா, காத்து சத்தம் ஜாஸ்தி, கணவாய்க் காத்து ஆரம்பிச்சிருச்சு.

பொள்ளாச்சி_பழையகை
பாத்தேன் தம்பி. பாத்தத விட கேட்டேன்னு சொல்லணும், ரெண்டாவது தடவ கண்ண மூடிட்டு சத்தத்த மட்டும் கேட்டேன். டப், டப், அப்பறம் ஒரு மூச்சு விடற நேரம் ஒண்ணுமில்ல, அதுக்கு அப்பறம்தான் சப். உன் வியாதி பூராவும் அந்த இடைவெளிலதான் இருக்கு. கிராஸ் அடிச்சு முடிச்சதும் ஒழுங்கா ஸ்டான்ஸுக்கு, அதாவது முதல்ல நின்ன நிலைக்கு, திரும்பி வந்து, நின்னு, அதுக்கப்பறம் ஹூக் அடிக்கற. பாக்க அழகா இருக்கு, ஆனா வெயிட்ட கொண்டுபோய் திரும்ப எறக்கி வெச்சுட்ட.

நல்லா கவனி. ரைட் கிராஸ் அடிக்கறப்ப உன் ஒடம்பு வெயிட்டு பின்னங்கால்ல இருந்து எடது காலுக்கு வந்துருது, இடுப்பும் எடது பக்கமா திரும்பி முறுக்கேறி நிக்குது. எடது காலு அந்த நேரத்துல வெயிட்டோட மடங்கி, அழுத்தி வெச்ச ஸ்பிரிங்கு மாதிரி இருக்கு. லெஃப்ட் ஹூக்குங்கறது அந்த ஸ்பிரிங்க விடறது, அவ்ளோதான். எடது காலு தரைய தள்ளுது, எடது இடுப்பு முன்னாடி வருது, தோள் அது பின்னாலயே வருது, கை சும்மா வளைஞ்ச கொக்கி மாதிரி தோளோட ஒட்டிக்கிட்டு வரணும். வெயிட்டு எடதுல இருந்து வலது காலுக்குப் போயிரும். நீ என்ன பண்ற, கிராஸ் முடிஞ்சு பின்னாடி வந்து வெயிட்ட வலது கால்ல வெச்சுட்டு ஹூக் அடிக்கற. போக வேண்டிய எடத்துக்கு வெயிட்டு முன்னாடியே போயிருச்சு, மிச்சம் இருக்கறது வெறுங்கை. அதனாலதான் இடுப்பத் திருப்பியும் ஒண்ணும் நடக்கல. உன் கோச் சொன்னது சரிதான், அரக்கெட்டுதான், ஆனா அரக்கெட்டு திரும்பறதுக்கு முன்னாடி எடது கால்ல வெயிட்டு இருக்கணும்ங்கறது அந்த ஒத்த வார்த்தைல அடங்காது.

உங்க களத்துல தேங்கா உரிக்கறவங்க வருவாங்கல்ல? பாரைய நட்டு வெச்சு உரிக்கறவங்க. ஒரு நாள் சேர் போட்டு உக்காந்து அவங்க கைய பாக்காத, இடுப்பப் பாரு. ஒரு நாளைக்கு ஆயிரம் காய்க்கு மேல உரிக்கறவங்க இருக்காங்க, அத்தனையும் கை பலத்துல உரிச்சா மதியத்துக்குள்ள தோள் கழண்டுரும். காய பாரைல எறக்கறப்ப ஒடம்பு வெயிட்டு எறங்குது, அப்பறம் ஒடம்பு திரும்புது, மட்ட பிளக்குது. முழங்கை ஒடம்ப விட்டு வெலகவே வெலகாது, மணிக்கட்டு மடங்கவே மடங்காது. நான் 1990கள்ல பாக்ஸிங் பழகறப்ப எனக்கு ஹூக் புரிஞ்சதே எங்க தோட்டத்துல ஒரு பெரியவர் உரிக்கறதப் பாத்துதான், இத நான் மனசாரச் சொல்றேன்.

இன்னொண்ணு, பேக்கு சுத்துதுன்னா ஓரத்துல பட்டிருக்குன்னு அர்த்தம். ஆடுதுன்னா தள்ளுற. மடங்குனாத்தான் அடி.

ஆரம்பாக்கம்_ஹூக்
ஆந்திரா பார்டர்ல இருந்து வணக்கம். அண்ணன் சொன்னதுல முக்காவாசி அப்படியே ஒத்துக்கறேன். ஆனா தம்பி, எடது கால திருப்பு திருப்புன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அதப் போட்டு ரொம்ப கொழப்பிக்காத. நான் ராயபுரம் பக்கம் கத்துக்கினவன், எங்களுக்கு கால தரைல நல்லா பதிச்சு வெச்சு அடின்னுதான் சொன்னாங்க. பாதத்த சுத்தறதுலயே கவனம் போச்சுன்னா கொசு நசுக்கற மாதிரி காலு மட்டும் ஆடும், மேல ஒண்ணும் வராது, எத்தனையோ பசங்கள பாத்துட்டேன். பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ ஃப்ரேசியர எடுத்துக்கோ, முகமது அலிக்கு ரீச் (ரெண்டு கையும் விரிச்ச நீளம்) 78 இன்ச், அவருக்கு 73 தான், வெளிய நின்னா ஜாப்லயே செத்தாரு. குனிஞ்சு குனிஞ்சு ஆடிக்கினே உள்ள போவாரு, ஒவ்வொரு தடவ எடது பக்கம் குனியறப்பவும் வெயிட்டு எடது கால்ல ஏறும், அங்கேர்ந்து எழுந்துக்கினே ஹூக்கு. 1971 மார்ச் 8, மாடிசன் ஸ்கொயர் கார்டன், 15வது ரவுண்டு, அலி மல்லாந்தாரு. பதினாலு ரவுண்டு ஆடுன காலோட அப்படி ஒரு அடி வருதுன்னா அது கையில இருந்து வந்திருக்காது.

பொள்ளாச்சி_பழையகை
ஆரம்பாக்கம் தம்பி, நம்ம ரெண்டு பேரும் ஒரே விசயத்தத்தான் ரெண்டு பக்கம் இருந்து சொல்றோம். காலு திரும்பறது காரணம் இல்ல, இடுப்பு திரும்பறதால வர்றது. நெருக்கத்துல நின்னு சின்னதா அடிக்கறப்ப பாதம் பதிஞ்சே இருக்கலாம், குதிங்கால் லேசா தூக்குனா போதும். ஆனா தூரத்துல இருந்து முழுசா சுத்தி அடிக்கறப்ப கால கட்டி வெச்சா திருப்பம் இடுப்புலயே நின்னு போயிரும்.

களியக்காவிளை_பிசியோ
முட்டுக்காக ஒரு வார்த்த சொல்லணும். பாதம் தரைல ஒட்டிக்கிட்டு இடுப்பு மட்டும் திரும்புனா அந்த முறுக்கு அம்புட்டும் முட்டுலதான் எறங்கும். முட்டு முன்னால பின்னால மடங்கத்தான், சுத்துறதுக்கு இல்ல. ரப்பர் ஷூ போட்டு சிமெண்டு தரைல அடிக்கவங்க கால விடணும், குதிங்கால் வெளிப்பக்கமா போவட்டு. தம்பி களத்துல எதப் போட்டு அடிக்க? வெறுங்காலா?

வேலந்தாவளம்63
வெறுங்கால்தானுங்க, சிமெண்டு களம். இனி ஷூ போட்டுக்கறேன். பொள்ளாச்சி அண்ணா, நீங்க சொன்னதுக்கு அப்பறம் அந்த வீடியோவ நானும் கண்ண மூடிட்டு கேட்டேனுங்ணா. ஒன்றரை வருசமா அந்த இடைவெளி என் காதுல விழவே இல்ல. ரொம்ப நன்றிங்ணா. இன்னொரு டவுட்டு, ஹூக் அடிக்கறப்ப உள்ளங்கை தரையப் பாக்கணுமா, இல்ல நெஞ்சப் பாக்கணுமா? யூடியூப்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

கோபாலபுரம்_அக்கா
நானும் பொள்ளாச்சி பக்கம்தான் தம்பி, கோபாலபுரம் பார்டர், முந்தி ஸ்டேட் லெவல் ஆடுனேன், இப்ப பொண்ணுங்களுக்கு சொல்லித்தர்றேன். உள்ளங்கை கேள்விக்கு பதில் தூரத்துலதான் இருக்கு. கிட்ட, எதிராளி மூச்சு உன் மேல படற தூரத்துல, பெருவிரல் மேல பாக்கற மாதிரி, டம்ளர் பிடிச்ச கை மாதிரி வெச்சு அடி, மணிக்கட்டு தானா நேரா நிக்கும், முழங்கை சுருக்கமா இருக்கும். கொஞ்சம் தள்ளி இருந்தா உள்ளங்கை தரையப் பாக்கட்டும், இல்லாட்டி பெருவிரல் முதல்ல போய் இடிக்கும். ரெண்டுலயும் ஆள்காட்டி விரல் முட்டியும் நடுவிரல் முட்டியும்தான் படணும். அகலமா வீசுனா சுண்டுவிரல் பக்கத்து முட்டி பட்டு அங்க எலும்பு உடையும், இல்லன்னா கிளவுஸ் உள்பக்கம் படும். உள்பக்கம் பட்டா அமெச்சூர்ல பாயிண்ட் கெடையாது தம்பி, ரெஃப்ரி கூப்பிட்டு எச்சரிக்கவும் செய்வார். உன்னோட சப்புங்கற சத்தமே அதுதான், திறந்த கிளவுஸ்ல அடிக்கற சத்தம். எந்தப் பக்கம் வெச்சாலும் தலைக்கு அடிக்கறப்ப முழங்கை முட்டிக்கு நேரா பின்னாடி இருக்கணும், முழங்கை தொங்கிருச்சுன்னா பின்னால தள்ள ஆளில்லாம மணிக்கட்டு மடங்கும். உனக்கு மடங்குனது அப்படித்தான் மடங்கியிருக்கும்னு நெனைக்கறேன்.

அப்பறம் கைய பின்னால இழுக்கற பழக்கம். வீடியோல இருக்கு, ஹூக்குக்கு முன்னாடி எடது கை காதுக்குப் பின்னாடி வரைக்கும் போகுது. எதிராளிக்கு லெட்டர் போட்டு சொல்லிட்டு அடிக்கற மாதிரி. எங்க பொண்ணுங்களுக்கு நான் சுண்ணாம்பு அடிச்ச செவுரு ஓரமா நிக்க வெச்சுத்தான் இத சரி பண்றேன். எடது தோள் செவுத்துல இருந்து ஒரு சாண் தள்ளி இருக்கற மாதிரி நின்னு, காத்துலயே மெதுவா ஐம்பது ஹூக். முடிச்சுட்டு முழங்கையப் பாரு. சட்டைல வெள்ளையா பட்டிருந்தா இழுத்திருக்கன்னு அர்த்தம். பத்து நாள்ல சட்டை சுத்தமா வரும். ஒரு பொண்ணு தினம் கறுப்பு டீசர்ட்டுதான் போட்டுட்டு வருவா, வெள்ளை நல்லா தெரியணும்னு அவளே எடுத்த முடிவு, அவ ஹூக் இப்ப பாக்கணுமே, எங்கிருந்து வருதுன்னே தெரியாது.

ஆரம்பாக்கம்_ஹூக்
அக்கா சொன்ன செவுரு மேட்டரு சூப்பர், நான் இத்தன வருசத்துல கேள்விப்பட்டதில்ல.

தம்பி, அடி எங்க நிக்கணும்னு யாரும் சொல்லல, நான் சொல்றேன். உன் மூக்குக்கு நேரா கோடு போட்டா, முட்டி அந்தக் கோட்டத் தாண்டி கொஞ்சம் போலாம், வலது தோள் வரைக்கும் போவக்கூடாது. தாண்டுச்சுன்னா நீயே சுத்திக்கினு முதுகக் காட்டுவ. பட்டதும் கை திரும்ப கன்னத்துக்கு வந்துரணும்.

வலது கை ரொம்ப முக்கியம். லெஃப்ட் ஹூக் அடிக்கறப்ப வலது கை கன்னத்துல ஒட்டியே இருக்கணும், ஏன்னா நீ லெஃப்ட் ஹூக் அடிக்கற தூரத்துலதான் அவனும் உனக்கு லெஃப்ட் ஹூக் அடிப்பான். 2024 மே 6, டோக்கியோ டோம்ல ஜப்பான் சாம்பியன் இனோவே மாதிரி ஆளே உள்ள போய் அடிக்கறப்ப லூயிஸ் நேரியோட லெஃப்ட் ஹூக்குல முதல் ரவுண்டுலயே கீழ விழுந்தாரு. எழுந்து ஆறாவது ரவுண்டுல அவரையே முடிச்சாரு, அது வேற. அவரு எழுந்துப்பாரு தம்பி, நம்ம எழுந்துப்போமான்னு தெரியாது. அலியையும் ஃப்ரேசியருக்கு முன்னாடியே, 1963ல லண்டன் வெம்ப்லேல ஹென்றி கூப்பர் லெஃப்ட் ஹூக்குலதான் சாய்ச்சாரு, நாலாவது ரவுண்டு கடைசில, பெல் அடிச்சதால தப்பிச்சாரு. கூப்பர் பிறவி எடதுகைக்காரர், ஆனா ஆர்த்தடாக்ஸ்ல நிப்பாரு, அதாவது பலமான கை முன்னாடி. ஆஸ்கார் டி லா ஹோயாவும் மிகேல் கோட்டோவும் அதே மாதிரிதான்.

வேலந்தாவளம்63
அப்ப வலதுகைக்காரனுக்கு லெஃப்ட் ஹூக் அந்த அளவுக்கு வராதுங்களாண்ணா?

பொள்ளாச்சி_பழையகை
வரும் கண்ணு, ஏன் வராது. ஃப்ரேசியர் கதையவே கேளு. சின்ன வயசுல வீட்டுப் பன்னி தொரத்தி விழுந்து எடது கை உடைஞ்சு போச்சு, காசில்லாததால வைத்தியம் பண்ணாம தானா கூடி, முழுசா நீட்டவே முடியாம வளைஞ்ச கையாவே நின்னுருச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ல எடது பெருவிரல் உடைஞ்சும் ஃபைனல் ஆடி தங்கம் வாங்குனவரு. பலத்த கை எதுங்கறதவிட கால்ல இருந்து கைக்கு வழி தெறந்திருக்கான்னுதான் பாக்கணும்.

இப்ப செய்ய வேண்டியதச் சொல்றேன். ரெண்டு வாரம் கைக்கு ரெஸ்ட்டு, கால்கள வேல வாங்கு. கை ரெண்டையும் நெஞ்சுல கட்டிக்கிட்டு ஸ்டான்ஸ்ல நின்னு, கிராஸ் அடிச்ச மாதிரி ஒடம்ப எடதுக்குத் திருப்பி வெயிட்ட எடது கால்ல ஏத்து, அங்க ஒரு நொடி நில்லு, எடது தொடை எரியணும், எரியலன்னா வெயிட்டு ஏறலன்னு அர்த்தம். அங்கிருந்து தள்ளி வலதுக்குப் போ. நாளைக்கு நூறு. கை சரியானதும் பேக்குல முதல் வாரம் கால்வாசி வேகம்தான், மூணாவது அடிக்கு முன்னாடி ஸ்டான்ஸுக்குத் திரும்பாம, கிராஸ் முடிஞ்ச எடத்துல இருந்தே ஹூக். கிராஸோட கை திரும்பி வர்ற அதே நேரத்துல ஹூக் கெளம்பணும். வாயால டப் டப் டப்புன்னு சொல்லிக்கிட்டே அடி. கைப்பட்டி நாலரை மீட்டர் வாங்கு, குட்டையா இருந்தா மணிக்கட்டுக்கு மிச்சம் வராது, மணிக்கட்டுல மூணு சுத்து அழுத்தமா வரணும். அந்தத் துணி சாக்குல கீழ கொஞ்சம் மண்ணு மூட்டை கட்டு, ஆடிக் காத்துல பேக்கு ஆடுனா தூரம் மாறிக்கிட்டே இருக்கும்.

கோபாலபுரம்_அக்கா
மண்ணு மூட்டை தனியா கீழ தொங்கட்டும் தம்பி, பேக்குக்கு உள்ள போட்டுறாத, மண்ணு கீழ எறங்கி கல்லு மாதிரி ஆயிரும், பாடி ஹூக் அடிக்கறப்ப கை போயிரும்.

ஆரம்பாக்கம்_ஹூக்
பாடி ஹூக்குன்னதும் ஞாபகம் வருது. தலைக்கு அடிக்கறத விட எனக்கு இதான் உசுரு. கல்லீரல் வலது பக்கம் இருக்கு, எதிர்ல நிக்கறவனோட வலது பக்கம் உன் எடது கைக்கு நேரா இருக்கு. அவன் ரைட் அடிக்கறான், நீ எடது பக்கமா நழுவற, தலை அவன் கைக்கு வெளிய போவுது, வெயிட்டு எடது கால்ல தானா ஏறிடுச்சு, அவன் கை நீண்டதால விலா தெறந்து கெடக்கு. முழங்கால மடக்கி எறங்கணும், இடுப்ப மடக்கி குனியக்கூடாது, குனிஞ்சா மேல வர்ற அடிய மொகத்துல வாங்குவ. முழங்கை உன் இடுப்பெலும்ப ஒட்டியே வரணும், கடைசி விலாவுக்குக் கீழ, கொஞ்சம் மேல் நோக்கி. பட்டதும் அவன் ஒண்ணும் ஆகாத மாதிரிதான் நிப்பான், ஒரு நொடி, அதுக்கப்புறம் மடங்கி உக்காருவான். 2004ல ஹாப்கின்ஸ் அடிச்சு டி லா ஹோயா ஒன்பதாவது ரவுண்டுல அப்படித்தான் உக்காந்தாரு, மனசு எழுந்திருன்னு சொன்னாலும் ஒடம்பு கேக்காது. எனக்கு ஒரு தடவ ஸ்பாரிங்ல (பழகறதுக்கு ஆடற சண்டைல) விழுந்திருக்கு, மூச்சே வரல, கண்ணுல தண்ணி வந்துச்சு. அதனால ஸ்பாரிங்ல கூட ஆடறவன் மேல இத முழு வேகத்துல போடாத தம்பி, தயவு செஞ்சு.

வேலந்தாவளம்63
ஏழு வாரம் கழிச்சு வர்றேனுங்க, மன்னிக்கணும், நடுவுல பரிச்ச இருந்துச்சு.

வலி சுத்தமா இல்ல. ரெண்டு வாரம் காலு மட்டும்தான் பண்ணுனேன், முதல் நாலு நாள் எடது தொடை எரியவே இல்ல, அப்பத்தான் தெரிஞ்சது நான் வெயிட்ட ஏத்தறதா நெனச்சு தோளத்தான் சாய்ச்சுட்டு இருந்திருக்கேன்னு. களத்துல உரிக்க வந்த அண்ணன் கிட்ட விசயத்தச் சொல்லி பக்கத்துலயே உக்காந்து பாத்தேனுங்க. காய எறக்கறப்ப அவர் எடது குதிங்கால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வெளிய போகுது, மண்ணுல அரைவட்டமா ஒரு குழியே இருக்கு. நான் கேட்டதுக்கு அவருக்கே தெரியல, குனிஞ்சு பாத்துட்டு "ஆமா"ன்னார். அடுத்த நாள் என் பேக்குக்குக் கீழ மண்ணு பரப்பி அடிச்சுப் பாத்தேன், எனக்குக் கோடு கோடாத்தான் விழுந்துச்சு. இப்ப மூணு வாரமா அரைவட்டம் விழுதுங்க.

அக்கா, சுண்ணாம்பு இன்னும் பத்துல ரெண்டு தடவ ஒட்டுது. வெள்ளிக்கிழம பாலக்காட்டுல பேடு பிடிச்ச கோச் மூணாவது அடிக்கு கைய ஒரு தடவ உதறிட்டு ஒண்ணும் சொல்லாம திரும்பவும் பேடத் தூக்கிப் பிடிச்சார்.

கோபாலபுரம்_அக்கா
ரொம்ப சந்தோசம் தம்பி. அந்த ரெண்டு தடவ எப்ப ஒட்டுதுன்னு பாரு, அனேகமா நாப்பதுக்கு மேல களைச்சப்பத்தான் இருக்கும். அப்படின்னா நாப்பதோட நிறுத்து. களைச்ச கை தப்பத்தான் பழகும்.

களியக்காவிளை_பிசியோ
வலி இல்லன்னு கேட்டதே போதும் மக்கா. பேக் முடிச்சதும் மணிக்கட்ட சுடுதண்ணில வைக்காத, வீக்கம் இருந்தா ஐஸ்தான்.

பொள்ளாச்சி_பழையகை
வீடியோ வேண்டாம் கண்ணு. ஃபோனச் செவுத்தோரமா வெச்சு மூணு ரவுண்டு சத்தத்த மட்டும் ரெக்கார்ட் பண்ணி அனுப்பு.

வேலந்தாவளம்63
அனுப்பிட்டேனுங்ணா. ரெண்டாவது ரவுண்டுல காத்து கொஞ்சம் ஜாஸ்தி இருக்கும்.

பொள்ளாச்சி_பழையகை
காத்து இருந்தாலும் கேக்குது. டப், டப், டப். மூணாவது ரவுண்டு கடைசி அரை நிமிசத்துல மட்டும் பழைய இடைவெளி எட்டிப் பாக்குது, அங்க நீ களைச்சு பின்னாடி சாயறன்னு நெனைக்கறேன். அடுத்த வாரம் அந்த அரை நிமிசத்த மட்டும் தனியா எடுத்து அடிச்சு அனுப்பு.